குறை சொல்ல ஒருத்தி

செல்வநாயகி கத்தி சேர்க்கிறாள் என்பதை அவளுடைய கணவர் சபாரத்தினம் வெளியே யாரிடமும் சொல்வதில்லை. ஆக்லாந்து நகரின் லின்ஃபீல்டில் அவர்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னறையில் உட்கார்ந்து தேநீர் குடித்து, பிள்ளைகளின் படிப்பையும் மோர்ட்கேஜ் வட்டியையும் பற்றிப் பேசிவிட்டுப் போவார்கள். அடுத்த அறையின் இழுப்பறைகளில் வெல்வெட் துணியின் மேல் வரிசையாகக் கத்திகள் கிடப்பது அவர்களுக்குத் தெரியாது. ஒரே ஒரு முறை தெரிந்துபோனது. கோயிலில் பழக்கமான ரதிதேவி, கைப்பையைத் தேடிக்கொண்டு போனவள், அந்த அறைக்குள் நுழைந்துவிட்டாள். ஓர் இழுப்பறை திறந்து கிடந்தது.

"வெட்டுக்கும் சூட்டுக்கும் பயந்துதானே இவ்வளவு தூரம் ஓடி வந்தனாங்கள்," என்றாள் அவள், நின்ற இடத்திலேயே நின்று. "நீங்கள் காசு குடுத்து வாங்கி அடுக்கி வைச்சிருக்கிறியள்."

செல்வநாயகி இழுப்பறையைத் தள்ளி மூடினாள். விளக்கம் சொல்லியிருந்தாலும் ரதிதேவிக்கு விளங்கியிருக்காது. செல்வநாயகி வேலை பார்த்தது ஒரு நோயறி கூடத்தில். ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் சதைத் துண்டுகளை மெழுகில் பதித்து, மயிரிழையை விட மெல்லிய சீவல்களாக வெட்டி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி டாக்டரிடம் கொடுக்க வேண்டும். கொழும்பிலும் அதே வேலைதான். தீட்டித் தீட்டிப் பாவிக்கிற கனத்த எஃகுக் கத்திகளை நிறுத்திவிட்டு, ஒருமுறை பாவித்துவிட்டு எறிகிற அலகுகளை இங்குள்ள கூடத்தில் வாங்கத் தொடங்கியபோது, குப்பைக்குப் போகவிருந்த பழைய கத்தி ஒன்றை அவள் கேட்டு வாங்கி வந்தாள். வருஷக்கணக்காகத் தன் கையால் தீட்டிய கத்தி. அதை எறிய மனம் வரவில்லை. பிறகு அவொண்டேல் ஞாயிற்றுச் சந்தையில் மடக்குக் கத்தி ஒன்று கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு இன்னொன்று. அவளை இழுத்தது வெட்டு அல்ல. யாரோ ஒரு முகம் தெரியாத ஆள் ஓர் இரும்புத் துண்டைப் பொறுமையாகத் தேய்த்துத் தேய்த்து ஒன்றுமில்லாத அளவுக்கு மெல்லியதாக்கியிருக்கிறான் என்பதுதான்.

தொண்ணூற்றாறில் மகள் பிரணவியின் படிப்புக்கென்று கம்ப்யூட்டரும் மோடமும் வீட்டுக்கு வந்தன. பிரணவிக்கு அது எவ்வளவு பயன்பட்டதோ தெரியாது, செல்வநாயகிக்கு அதில் ஓர் உலகம் கிடைத்தது. 'எட்ஜ் சர்க்கிள்' என்று ஒரு மின்னஞ்சல் குழு. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தென்னாப்பிரிக்காவிலும் இருந்த கத்திப் பைத்தியங்கள் இருநூறு பேர் அதில் இருந்தார்கள். சிலர் வாங்கிச் சேர்ப்பவர்கள், சிலர் தாங்களே செய்பவர்கள். படம் எடுத்து ஸ்கேன் செய்து வலைப்பக்கத்தில் போடுவார்கள். "அபிப்பிராயம் சொல்லவும்" என்று தலைப்பில் எழுதியிருந்தால் மட்டும் மற்றவர்கள் குறை சொல்லலாம் என்பது குழுவின் விதி. நடத்தியவர் ஒஹையோவில் இருந்த வால்டர் என்ற கிழவர்.

விதி இருந்ததே தவிர, குறை யாரும் சொல்வதில்லை. எந்தக் கத்தியைப் போட்டாலும் "அருமை", "அழகு", "எனக்கு எப்போது அனுப்புகிறாய்" என்றே பதில்கள் வரும். செல்வநாயகிக்கு அது பிடிக்கவில்லை. கேட்டவனுக்குச் சொல்லாமல் விடுவது அவனைப் பொருட்படுத்தாததுபோல என்று அவள் நினைத்தாள். படம் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகத் திரையில் இறங்கி முடியும்வரை காத்திருந்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, கண்டதை எழுதினாள். எஸ். நாயகி என்று கையெழுத்திட்டாள். எல்லோரும் அவளை ஆண் என்றே நினைத்து 'மிஸ்டர் நாயகி' என்றார்கள். அவள் திருத்தப்போகவில்லை. மிஸ்டர் நாயகி வாய் திறந்தால் தோல் உரியும் என்று சிலர் விளையாட்டாக எழுதினார்கள், சிலர் விளையாட்டில்லாமலும்.

ராம் கே. என்பவர் தன் முதல் கத்தியின் படத்தைப் போட்டது தொண்ணூற்றேழு தொடக்கத்தில். பழைய அரத்தைத் தேய்த்துச் செய்த கத்தி, புரிரி என்ற வன்மரத்தில் பிடி. வழக்கம்போல் பாராட்டுகள் குவிந்தன. செல்வநாயகி எழுதினாள்: எஃகைத் தேர்ந்தெடுத்தது சரி. ஆனால் அலகு கூர் நோக்கி மெலியும் சரிவு ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயும் தொடங்குகிறது. பிடிக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு கீறல் வெளிச்சம் தெரிகிறது. தண்ணீர் புகும், துரு வரும். கத்தி பார்க்க நன்றாக இருக்கிறது என்கிறார்கள், பார்ப்பதற்காகவா செய்தீர்கள்?

அடுத்த நாள் அவளுக்குத் தனியாக ஒரு பதில் வந்தது. "என் கத்தியைப் பார்த்தது நீங்கள் ஒருவர்தான். மற்றவர்கள் படத்தைப் பார்த்தார்கள். ஓர் ஐயம். நாயகி என்பது தமிழ்ப் பெயர்தானே? நான் கோயமுத்தூர்க்காரன். இப்போது இருப்பது ஆக்லாந்தில், ரானுயியில்."

உலகம் முழுவதும் சுற்றிவந்த கடிதம் அரைமணி நேரக் கார்ப் பயணத் தூரத்திலிருந்து வந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சபாரத்தினத்தையும் கூட்டிக்கொண்டு போனாள். ராம் கே.யின் முழுப் பெயர் கோதண்டராமன். அறுபதை நெருங்கும் வயது, நெடுநெடுவென்ற உருவம், சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்து விட்டிருந்தார். கோவையில் பம்ப் தொழிற்சாலை ஒன்றில் டூல் ரூமில், அச்சும் கருவியும் செய்கிற பிரிவில், இருந்தவர். மகன் கூப்பிட்டு இங்கே வந்து, ஹெண்டர்சனில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, அது மூடப்பட்டதும் வீட்டோடு இருந்தார். மகன் நல்ல வேலை கிடைத்து சிட்னிக்குப் போய்விட்டான். அவரும் மனைவி அன்னமும் மட்டும் அந்த வீட்டில்.

வாசலில் நின்ற பெண்தான் மிஸ்டர் நாயகி என்று தெரிந்ததும் அவர் அவளையும் சபாரத்தினத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"நல்லதாப் போச்சுங்க. ஆம்பளையா இருந்தா பதிலுக்கு ரெண்டு திட்டலாம்னு வெச்சிருந்தேன்."

சபாரத்தினம் அன்னத்தோடு முன்னறையில் உட்கார்ந்து முறுக்குத் தின்றார். செல்வநாயகியைக் கராஜுக்கு அழைத்துப்போனார் கோதண்டராமன். இரும்பை அரைக்கிற பெல்ட் கிரைண்டர், எண்ணெய் டப்பா, சுவரில் ஒரு முருகன் படம். படத்துக்குப் பக்கத்தில் அவள் எழுதிய மின்னஞ்சலை அச்செடுத்து ஒட்டியிருந்தார். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"இதை ஏன் ஒட்டி வைச்சிருக்கிறியள், அண்ணை? கழட்டுங்கோ."

"இருக்கட்டுங்க. நல்லாருக்குன்னு சொல்றதுக்கு உலகம் பூரா ஆள் இருக்குது. முப்பது வருஷம் டூல் ரூம்ல இருந்தேன், அங்க ஒருத்தரும் நல்லாருக்குன்னு சொல்ல மாட்டாங்க. சரியா இருந்தா வாங்கிட்டுப் போவாங்க, தப்பா இருந்தா மூஞ்சில எறிவாங்க. இங்க வந்தப்புறம் எறியறதுக்கும் ஆளில்ல." கிரைண்டரின் மேல் கை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "நீங்க எறியணும். அவ்வளவுதான் நான் கேக்கறது."

"நான் கொஞ்சம் மோசமாத்தான் எழுதுவன்."

"எழுதுங்க."

அப்படியே நடந்தது. அவர் செய்வார், படம் போடுவார், அவள் குறை எழுதுவாள். அந்த வருஷம் சில ஞாயிறுகளில் கராஜுக்கே போய்ச் சொன்னாள். அடுத்ததில் அந்தக் குறை இருக்காது, புதிதாக ஒன்று இருக்கும். சரிவு நேரானது. பிடியின் இடைவெளி மறைந்தது. வருஷக் கடைசியில் அவர் போட்ட ஐந்தாவது கத்தி, உள்ளங்கை நீளத்தில் காய்கறி நறுக்குகிற சின்னக் கத்தி, அவளைக் கட்டிப்போட்டது. இரண்டு நாள் திரும்பத் திரும்பப் படத்தைத் திறந்து பார்த்தாள். பிறகு ஒரே வரி எழுதினாள்: "எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை." குழுவில் ஆளுக்கு ஆள் அதைப் பற்றியே பேசினார்கள். மிஸ்டர் நாயகிக்குச் சொல்ல ஒன்றுமில்லையாம் என்று வால்டரே தனியாக ஓர் அறிவிப்புப் போட்டார். கோதண்டராமன் அவளுக்குப் போன் எடுத்தார். போனில் அவர் சொன்னது "பாத்தீங்களா?" என்பது மட்டும்தான். அந்த ஒரு சொல்லில் அவர் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

ஆறாவது கத்தி வர நாளாயிற்று. நகரத்தின் நடுப்பகுதி வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த தொண்ணூற்றெட்டுக் கோடையும் கழிந்து, மழை தொடங்கிய பிறகுதான் படம் வந்தது. பார்த்ததும் செல்வநாயகிக்குக் கோபம் வந்தது. வலப்பக்கம் பழைய சுத்தம். இடப்பக்கச் சரிவின் கோடு மட்டும் நெளிந்துகொண்டு போயிற்று, ஓடுகிற பஸ்ஸில் இருந்து எழுதிய எழுத்துப் போல. பிடியில் உப்புத்தாள் தேய்த்த கீறல்கள் அப்படியே இருந்தன. முதல் கத்தியில்கூட இந்தத் தவறு இல்லை. ஐந்தாவதைச் செய்த கை இதைச் செய்திருக்கிறது என்றால் அக்கறை இல்லாமல் செய்திருக்கிறது என்றே அவளுக்குப் பட்டது.

அப்படியே எழுதினாள். இது புதிதாய்க் கற்கிறவனின் பிழை, உங்களுடையதல்ல. அவசரப்பட்டிருக்கிறீர்கள். கைதட்டல் கேட்டுப் பழகிவிட்டீர்கள், இனி அதற்காகவே செய்வீர்கள் போலிருக்கிறது.

குழு பொங்கிவிட்டது. இப்படியும் ஒரு மனிதன் எழுதுவானா என்று கேட்டார்கள். கேப் டவுனில் இருந்து ஒருவர், மிஸ்டர் நாயகி தன் வாழ்நாளில் ஒரு கத்தியாவது செய்ததுண்டா என்று கேட்டார். இல்லை, என்று அவள் எழுதினாள், நான் பார்க்கிற ஒரு பெண் மட்டும்தான். அவள் பெண் என்று அன்றுதான் குழுவுக்குத் தெரிந்தது. அதன் பிறகு வந்த சில பதில்கள் இன்னும் மோசமாக இருந்தன. வால்டர் தனியாக எழுதி, மன்னிப்புக் கேட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்றார். அவர் கேட்டுத்தான் சொன்னேன், மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று பதில் எழுதினாள். நடுவில் கோதண்டராமனின் இரண்டு வரி வந்தது: "அவர் சொன்னது சரி. கோடு நெளிந்திருக்கிறது. யாரும் எனக்காகப் பேச வேண்டாம்."

ஏழாவது கத்தி அதைவிட மோசமாக வந்தது. அவள் எழுதினாள், இந்த முறை சுருக்கமாக: "அதே இடம், அதே பிழை, இன்னும் பெரிதாக. நான் எழுதுவதைப் படிக்கிறீர்களா?" அதற்கு அவர் பதில் எழுதவில்லை.

ஒரு வாரம் கழித்து நோயறி கூடத்துக்கு அவளைக் கேட்டு ஒரு போன் வந்தது. அன்னம்.

"வேலை நேரத்துல கூப்பிடறேன், மன்னிச்சுக்கம்மா. சாயங்காலம் வீட்டுக்குப் பேசினா இவர் என் பக்கத்துல இருப்பார், இப்பக் கராஜ்ல இருக்கார்."

"சொல்லுங்கோ அக்கா. என்ன விஷயம்?"

"அவருக்குக் கை நடுங்குதும்மா. எடது கை. தை மாசத்துல இருந்தே இருந்திருக்கு, எங்கிட்டயே மறைச்சிட்டார். டம்ளரைப் புடிக்கறப்ப வலது கையால எடது கையை அமுக்கிப் புடிச்சுக்குவார். நானாத்தான் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். பார்க்கின்சன்னு சொன்னாங்க. மாத்திரை குடுத்திருக்காங்க. நிக்காதாம், கொறையுமாம், அப்புறம் கூடுமாம்."

கத்தியின் இடப்பக்கத்தை அரைக்கும்போது இடது கைதான் முன்னால் பிடிக்க வேண்டும் என்பது செல்வநாயகிக்கு அப்போதுதான் உறைத்தது. படத்தில் எல்லாம் இருந்தது. ஒரு பக்கம் மட்டும் ஏன் நெளிகிறது என்று அவள் தன்னையே ஒரு முறை கேட்டிருக்கலாம்.

"எனக்குத் தெரியாது அக்கா. தெரிஞ்சிருந்தால் அப்பிடி எழுதியிருக்க மாட்டன்."

"தெரியும்மா. அவருதான் சொல்லக் கூடாதுன்னுட்டாரே. உங்கிட்டச் சொல்லவே கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கார்." அன்னம் மூக்கை உறிஞ்சினாள். "இப்ப இன்னொண்ணு செஞ்சிட்டிருக்கார். ஒரு வாரமா அதேதான். போட்டோ போடுவார். அதுக்கு மட்டும் நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை எழுதும்மா. வேற யார் சொன்னாலும் அவருக்கு ஏறாது. உன் வார்த்தைதான் வேணும். வேற ஒண்ணும் நான் கேக்கல."

அன்று மாலை காரில் வரும்போது சபாரத்தினத்திடம் சொன்னாள். அவர் ஒரு சரக்குக் கப்பல் கம்பெனியில் கணக்காளர். தினமும் அவளை ஏற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார்.

"எழுதி விடுமன்," என்றார்.

"அது பொய்யப்பா."

"ஓம், பொய்தான். வருத்தக்கார மனுசனுக்கு ஒரு நல்ல சொல் எழுதினால் உமக்கு என்ன குறைஞ்சு போகுது? செத்த வீட்டுக்குப் போனால் உண்மையைத்தானோ கதைக்கிறம்?"

"அவர் சாகேல்லை."

"சாகிற வரைக்கும் பொறுத்திருக்கப் போறீரோ?"

அவர் எரிச்சலில் சொன்னதுதான். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். டொமினியன் ரோடு முழுக்க மழையில் பிரேக் விளக்குகள் சிவப்பாக நீண்டு கிடந்தன.

எட்டாவது கத்தியின் படம் ஜூலையில் வந்தது. கோடு கோடாகத் திரையில் அது இறங்கிக்கொண்டிருந்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சரிவின் கோடு நெளிந்து, நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அந்தப் பள்ளத்தை மறைக்க மேலும் தேய்த்து அலகு மெலிந்துபோயிருந்தது. பிடியின் பித்தளை ஆணிகளில் ஒன்று நேர்கோட்டில் இல்லை. அவள் லென்ஸைக் கையில் எடுக்கவில்லை.

"ஐந்தாவதற்குப் பிறகு இதுதான் சிறந்தது," என்று எழுதினாள். "பிடியின் மரம் மிக அழகு. பாராட்டுகள்."

அனுப்பிய சற்று நேரத்தில் குழு மகிழ்ச்சியில் மிதந்தது. நாயகி அம்மையாருக்கும் இதயம் இருக்கிறது என்று கேப் டவுன்காரர் எழுதினார். வால்டர் தனியாக நன்றி சொன்னார். எத்தனையோ பேர் அவளைப் பாராட்டினார்கள், இத்தனை நாளில் முதல்முறையாக. கோதண்டராமன் மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் கதவு மணி அடித்தது. குடை இல்லாமல் நனைந்து நின்றார் அவர். கார் ஓட்டுவதை விட்டுவிட்டாராம். ரானுயியில் பஸ் ஏறி, நகரத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து வந்திருந்தார். சபாரத்தினம் துவாய் எடுத்துக் கொடுத்தார். துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இடது கையைத் தொடைக்கும் சோபாவுக்கும் நடுவில் செருகி வைத்துக்கொண்டார்.

"அன்னம் உங்ககிட்டப் பேசினாளா?"

செல்வநாயகிக்கு மறைக்கத் தெரியவில்லை. "ஓம், அண்ணை."

"அப்படித்தான் நெனச்சேன்." துவாயை வலது கையால் மடியில் மடித்து வைத்தார். "டாக்டர் சொன்னாருங்க. படம் போட்டுக் காட்டினாரு. புஸ்தகம் குடுத்தாரு. நான் ஒண்ணையும் நம்பல. வயசானா கை கொஞ்சம் ஆடும், வேலை செஞ்சாச் சரியாயிடும்னு இருந்தேன். நீங்க திட்டி எழுதினீங்க பாருங்க, கைதட்டலுக்குச் செய்யறேன்னு. அன்னிக்கு எனக்கு எவ்வளவு தெம்பா இருந்துது தெரியுமா? அக்கறை இல்லாமச் செஞ்சிருக்கேன், அடுத்ததை அக்கறையாச் செஞ்சா நேராயிடும்னு அர்த்தம் அதுக்கு." நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "நல்லாருக்குன்னு நீங்க எழுதினப்புறந்தான் எனக்கு வியாதின்னு தெரிஞ்சுது."

சபாரத்தினம் மெல்ல எழுந்து சமையலறைக்குப் போனார்.

"நான் எழுதியிருக்கக் கூடாது," என்றாள் செல்வநாயகி.

"எழுதிட்டீங்க. அது போகட்டும்." நனைந்த கோட்டுக்குள்ளிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து அவள் முன்னால் நீட்டினார். "கொண்டாந்திருக்கேன். இப்பப் பாத்துச் சொல்லுங்க."

அவள் கத்தியை ஜன்னலோரம் கொண்டுபோனாள். வெளியே வெளிச்சம் குறைவாக இருந்தது. மேசை விளக்கைப் போட்டுக்கொண்டாள். கையில் பிடித்தபோது படத்தில் தெரியாததும் தெரிந்தது. லென்ஸை எடுத்து நுனியிலிருந்து பிடிவரை ஒருமுறை, பிறகு மறுபக்கம். சொல்லத் தொடங்கினாள். சரிவின் கோடு மூன்று இடத்தில் விலகியிருக்கிறது. நடுவில் பள்ளம். பள்ளத்தை எடுக்கப் போய் அலகு மெலிந்துவிட்டது, ஒரு கரட் கிழங்கை வெட்டினாலே வளையும். நுனி சூடேறிக் கறுத்து, மெருகு போட்டு அதை மறைத்திருக்கிறீர்கள். ஆணி ஒன்று சாய்ந்திருக்கிறது. பிடி வலது கைக்கு மட்டும் பொருந்துகிறது.

அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். நுனியைப் பற்றிச் சொன்னபோது மட்டும் மறுத்தார்.

"அது சூடு இல்லீங்க. எண்ணெய்க் கறை."

"இல்லை அண்ணை. சூடுதான். இஞ்ச பாருங்கோ, நீலம் ஓடியிருக்கு."

வாங்கிப் பார்த்தார். கத்தி அவர் கையில் ஆடியது. வலது கைக்கு மாற்றிக்கொண்டு விளக்கருகே குனிந்தார். "ஆமா," என்றார். "சூடுதான்." பழைய நாட்களில் கராஜில் நின்று இருவரும் இப்படித்தான் வாதாடுவார்கள். அரை நிமிஷம் அப்படித்தான் இருந்தது.

பிறகு அவர் கேட்டார்: "இதுல எது என் கை பண்ணுன தப்பு, எது நான் பண்ணுன தப்பு?"

வேலையில் செல்வநாயகிக்குத் தினமும் வருகிற கேள்விதான் அது. சீவலில் ஒரு கோடு விழுந்தால் அது நோயா, கத்தியில் இருந்த சின்னப் பல்லா என்று அவளால் ஒரு பார்வையில் சொல்லிவிட முடியும். இங்கே நெளிந்த கோட்டையும் கறுத்த நுனியையும் மாறி மாறிப் பார்த்தாள். நுனியைச் சூடேற விட்டது கவனக்குறைவாக இருக்கலாம். கை நிற்காததால் ஒரே இடத்தில் அதிகம் அழுத்தியதாகவும் இருக்கலாம். ஆணி சாய்ந்தது அவசரமாக இருக்கலாம்.

"தெரியேல்லை, அண்ணை."

"எனக்கும் தெரியல. அது தெரிஞ்சாத் திருத்தலாம்." கத்தியைத் துணியில் சுற்றத் தொடங்கினார். துணியின் நுனி இரண்டு முறை நழுவியது. உதவலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சுற்றி முடித்துவிட்டார். "தேநீர் வேண்டாம்னு அவர்கிட்டச் சொல்லுங்க. குடிக்கறப்ப சிந்தும்."

சபாரத்தினம்தான் அவரைக் காரில் கொண்டுபோய் விட்டு வந்தார். வழி முழுக்க ரக்பியைப் பற்றிப் பேசினாராம். இரண்டு பேருக்கும் ரக்பி தெரியாது.

அதன் பிறகு குழுவில் ராம் கே.யின் பெயர் வரவில்லை. செல்வநாயகி அவருக்கு இரண்டு முறை போன் எடுத்தாள். முதல்முறை அவரே எடுத்து, நன்றாக இருக்கிறேன், மாத்திரை வேலை செய்கிறது என்றார். குரலில் ஒன்றும் இல்லை. இரண்டாவது முறை யாரும் எடுக்கவில்லை.

செப்டம்பரில் சாண்ட்ரிங்ஹாமில் ஓர் இந்தியன் கடையில் அன்னத்தைக் கண்டாள். பருப்பு அடுக்கிய தட்டுக்கு முன்னால் கூடையோடு நின்றிருந்தாள். செல்வநாயகியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

"அண்ணை எப்பிடி இருக்கிறார்?"

"இருக்கார். டி.வி. பாக்கறார். மிஷினை வித்தாச்சு." அன்னம் துவரம்பருப்புப் பொட்டலம் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்து மறுபடி வைத்தாள். "பையன் சிட்னிக்கு வரச் சொல்றான். டிசம்பருக்குள்ள போயிடுவோம்."

"அண்ணைக்கு என்னில கோபமோ?"

"உங்க மேல கோவமெல்லாம் இல்லீங்க. என் மேலதான். சத்தியத்தை மீறிட்டேன்னு. எங்கிட்டப் பேசறதே இல்ல. சாப்பாடு வெச்சாச் சாப்பிடறார், மாத்திரை குடுத்தா முழுங்கறார். நாப்பது வருஷம் கூட இருந்திருக்கேன்." அவள் குரல் உடையவில்லை, தாழ்ந்தது. "நான் அப்படி என்னங்க தப்பாக் கேட்டேன்? ஒரு நல்ல வார்த்தைதானே கேட்டேன்."

முன்பு அம்மா என்றும் நீ என்றும் கூப்பிட்டவள் இப்போது நீங்க என்று பேசுகிறாள் என்பதைச் செல்வநாயகி கவனித்தாள். ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது. அது அன்னத்தின் தவறில்லை என்று சொல்லலாம். அதைச் சொன்னால் அன்னம் நம்புவாளா, ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைப்பாளா என்று யோசித்தாள். யோசித்துக்கொண்டிருந்தபோதே அன்னம் கூடையைத் தூக்கிக்கொண்டு கல்லாப் பக்கம் போய்விட்டாள்.

அவர்கள் நவம்பரிலேயே போய்விட்டார்கள் என்று பின்னர் கோயிலில் யாரோ சொன்னார்கள். சிட்னி விலாசம் எவரிடமும் இருக்கவில்லை.

ராம் எங்கே என்று வால்டர் கேட்டு எழுதியிருந்தார். இடம் மாறிப் போய்விட்டார் என்று மட்டும் பதில் போட்டாள். நெடுநாள் அவள் குழுவில் ஒன்றும் எழுதவில்லை. படங்கள் வந்தன, பாராட்டுகள் வந்தன. ஒவ்வொரு படத்திலும் அவளுக்குக் குறை தெரிந்தது. தெரியாமல் இருக்க அவளால் முடியவில்லை. குறை தெரிந்த கையோடு, இதைச் செய்தவன் யார், எந்த ஊர், வீட்டில் யார் இருக்கிறார்கள், கண் தெரிகிறதா, தூக்கம் வருகிறதா என்று கேள்விகள் வரிசையாக வந்து நின்றன. முன்பு இவையெல்லாம் வந்ததில்லை. முன்பு இரும்பு மட்டும்தான் இருந்தது.

அடுத்த வருஷம், மாசியில், நாட்டின் தென்கோடியில் உள்ள இன்வர்கார்கிலில் இருந்து புதிதாகச் சேர்ந்த ஒருவன் தன் முதல் கத்தியைப் போட்டான். தலைப்பில் "அபிப்பிராயம் சொல்லவும், மிஸ் நாயகி இருந்தால் நல்லது" என்று எழுதியிருந்தான். பழைய பதிவுகளைப் படித்திருக்கிறான் போலும். சரிவு ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே.

அவள் எழுதினாள். இளக்கமாக எழுத முயன்று, அது தன் எழுத்தாகவே இல்லை என்று அழித்தாள். கண்டதைக் கண்டபடி எழுதினாள், ஒரு குறையும் விடாமல். இணையம் பிடித்திருந்த போன் லைனுக்காகப் பிரணவி கதவருகே வந்து நின்று, "மம், ஆர் யூ டன்?" என்று கேட்டாள். செல்வநாயகி அனுப்பிவிட்டு இணைப்பைத் துண்டித்தாள்.

மறுநாள் அவனிடமிருந்து பதில் வந்திருந்தது. மிகவும் நன்றி, இதைத்தான் எதிர்பார்த்தேன், அடுத்ததில் சரி செய்கிறேன் என்று மூன்று வரி. நல்ல பதில், மரியாதையான பதில். செல்வநாயகி அதை ஒரு முறை படித்தாள், பிறகு இன்னொரு முறை மெதுவாகப் படித்தாள். அந்த மூன்று வரிக்குள் அவன் சொல்லாமல் விட்டது ஏதாவது இருக்கிறதா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

சபாரத்தினம் காரை ஸ்டார்ட் செய்து ஹார்ன் அடித்தார். வேலைக்கு நேரமாகியிருந்தது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, கோட்டை எடுத்துக்கொண்டு அவள் வெளியே போனாள்.